பிள்ளைக்கு நஞ்சூட்டலாமா?

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகள். கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கைப்பேசி செய்கிறார்கள். விடியுமுன்னே கம்பெனி பஸ்கள் புறப்பட்டுவிடுகின்றன. அந்தப் பஸ்ஸிலே செய்யாற்று இளைஞனும் இருக்கிறான். ஒடிசா இளைஞனும் இருக்கிறான். ஒரே ஷிப்டு, ஒரே கேண்டீன், ஒரே களைப்பு! ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ஒருவன் தொழிலாளி, மற்றவன் ‘வடக்கன்’!

சொல்தானே, சுட்டுவிடுமா என்று கேட்பார் உண்டு. சுடும், தோழர்களே, சுடும்! தகப்பன் தேநீர்க் கடையிலே சொல்கிறான். மகன் அதைப் பள்ளிக்கூடத்திலே, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கட்டிட வேலைக்காரரின் பிள்ளையை நேருக்கு நேர் பார்த்துச் சொல்கிறான். பெரியவருக்கு அது வம்பு. சிறுவனுக்கு அது பாடம்!

இந்தப் பாடத்தை முழுமையாக நடத்திக் காட்டிய நாடு ஒன்று உண்டு: இட்லர் ஆண்ட ஜெர்மனி. 1933-இல் அந்நாட்டு மக்களில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆயினும் என்ன? வேலை இல்லையா? யூதன் காரணம்! போரிலே தோற்றோமா? யூதன் காரணம்! 1938-இல் குழந்தைகளுக்கென்றே ஒரு படப் புத்தகம் போட்டார்கள். பெயர் ‘நச்சுக் காளான்’. காட்டிலே நல்ல காளானும் நச்சுக் காளானும் இருப்பதுபோல மனிதரிலும் உண்டு. நச்சுக் காளான் யூதனே என்று ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதாகக் கதை! பெற்றவள் வாயாலேயே நஞ்சு! அதே ஆண்டு நவம்பரில் யூதப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளைவிட்டே விரட்டினார்கள். முடிவு? 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் குழந்தைகள்.

அந்தப் புத்தகத்தை வெளியிட்ட ஸ்ட்ரைக்கர் 1946 அக்டோபர் 16-ஆம் நாள் தூக்கிலேற்றப்பட்டான். அவன் துப்பாக்கி ஏந்திச் சுட்டவனல்லன், ஏடு நடத்தியவன். கொலைக்குத் தூண்டி எழுதியதே அவன் செய்த குற்றம் என்று நூரம்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இட்லரின் புத்தகம் இன்றும் நம் ஊர்க் கடைகளிலே விற்கிறது. துணிச்சல்காரன் என்று அவனை மெச்சும் இளைஞர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இந்த நச்சுக் காளான் கதையை நாம் சொல்லியிருக்கிறோமா?

எங்கோ ஜெர்மனியில் நடந்தது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? நம்மவருக்கு நடக்கவில்லையா? 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்துத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. தலைமுறைக் கணக்கில் உழைத்தவனைப் பார்த்து ‘அந்நியன்’ என்றார்கள்! 1966-இல் பம்பாயில் சிவசேனை தோன்றியது. வேலையைப் பறித்துக்கொண்டவன் ‘மதராசி’ என்று கூவினார்கள். தென்னாட்டார் உணவு விடுதிகளைத் தாக்கினார்கள். 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் பெங்களூரில் தமிழர் குடிசைகள் எரிந்தன. அன்று ‘மதராசி’ என்ற சொல் நம்மைச் சுட்டதே, அதே கல்லை இன்று ‘வடக்கன்’ என்று பெயர் மாற்றி நாம் எறியலாமா?

வெறுப்புக்குத் துணையாக எப்போதும் ஒரு பொய் நடக்கும். யூதர்கள் உலகையே ஆளச் சதி செய்கிறார்கள் என்று 1903-இல் ருஷியாவில் ஒரு போலி ஆவணம் அச்சாயிற்று. அது போலி என்பதை 1921-இல் இலண்டன் ‘டைம்ஸ்’ ஏடு மெய்ப்பித்தது. அதன்பிறகும் இட்லர் கூட்டம் அதையே பரப்பிற்று!

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 2023 பிப்ரவரியில் ரயில் பெட்டியிலே வடமாநிலத் தொழிலாளரை ஒருவர் வைது அடிக்கும் காட்சி பரவியது. அது நடந்த குற்றம். ரயில்வே போலீசார் கைது செய்தனர். அடுத்த மாதமோ, பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுகிறார்கள் என்று புளுகு வீடியோக்கள் பறந்தன. ஒன்று வடமாநிலத் தொழிலாளர்கள் தமக்குள் போட்டுக்கொண்ட சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தமக்குள் மோதிக்கொண்டது என்று காவல்துறை விளக்கிற்று. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிற்று. தமிழன் கொலைகாரன் என்று அங்கே ஒரு பிள்ளை நம்பினால் நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. வடக்கன் திருடன் என்று இங்கே ஒரு பிள்ளை நம்பினால் மட்டும் சிரிப்பா?

நம் தோழர் சிலரே கேட்பார்கள்: “வடக்கின் ஆதிக்கத்தை எதிர்த்து வளர்ந்த இயக்கமல்லவா நம்முடையது?” ஆம், எதிர்த்தோம். 1938-லும் 1965-லும் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் சிறை புகுந்தது, உயிரும் ஈந்தது. திணித்தவர் யார்? அதிகாரத்தில் இருந்தவர்! தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துறங்கும் பாட்டாளியா திணித்தான்? மேடையேறி ‘பானிபூரி’ என்று சொல்லிக் கைதட்டல் வாங்கும் பேச்சாளர்களுக்கும் இதைச் சொல்கிறோம். பானிபூரி விற்பது உழைப்பு. உழைப்பவனை எள்ளுவது நம் கொள்கையன்று!

“வேலை போகிறதே” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி! நிலம் கொடுத்த ஊர்களின் பிள்ளைகள் நிரந்தர வேலை கேட்பது உரிமை. அதைக் கம்பெனியிடம் கேட்போம், அரசிடம் கேட்போம். ஆனால் தொலைதூரத்திலிருந்து ஆளைக் கொண்டுவருபவன் யார்? காண்டிராக்டர்! ஏன் கொண்டுவருகிறான்? மொழி தெரியாதவன், உறவில்லாதவன், எதிர்த்துக் கேட்க மாட்டான். குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் உழைப்பான் என்பதால்! நாம் அவனை ஒதுக்க ஒதுக்க அவன் இன்னும் தனியனாகிறான். தனியனாக ஆக அவன் கூலி இன்னும் மலிவாகிறது. அவன் கூலி மலிந்தால் நம் கூலி நிற்குமா? ‘ஒரே வேலைக்கு ஒரே கூலி’ என்று அவனையும் சேர்த்துக் கேட்பதே நமக்குக் காப்பு.

ஆகவே, வேலை வீட்டிலே தொடங்கட்டும். மகன் அந்தச் சொல்லைச் சொன்னால் சிரிக்காதீர்கள். “அந்தப் பையன் பெயர் என்ன?” என்று கேளுங்கள். பெயர் தெரிந்தவனை வெறுப்பது கடினம். கைப்பேசியில் வீடியோ வந்தால் எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, அனுப்பியவன் யார் என்று கேட்கப் பழக்குங்கள். விடை இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதிருக்கப் பழக்குங்கள்.

பள்ளியிலே, கணியன் பூங்குன்றனாரைச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது. வசவு காதில் விழுந்த அன்றே ஆசிரியர் நிறுத்தவேண்டும். ஜெர்மனியையும் பம்பாயையும் இலங்கையையும் ஒரே வகுப்பிலே அருகருகே வைத்துச் சொல்லவேண்டும். 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எந்த மாநிலத்துப் பிள்ளை என்று அது பிரிக்கவில்லை. வந்த பிள்ளைக்குத் தமிழ் கற்பிப்போம்; தமிழ் கற்றவன் தமிழை வெறுப்பானா?

சங்கத்திலும் படிப்பகத்திலும் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள், தோழர்களே! கிளைக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் குறையைக் கேளுங்கள். தகப்பன் செய்வதைப் பார்த்துத்தான் பிள்ளை படிப்பான். நாளை இதே தொழிற்சாலை வாயிலில் நம் பிள்ளைகள் நிற்கும்போது அருகில் நிற்பவன் தோழனாக நிற்பதா, பகைவனாக நிற்பதா என்பது இன்று நாம் வீட்டில் பேசும் பேச்சிலே இருக்கிறது.