அளவுகருவிக்கு உரிய இடம்

குடிநீர் நிலையங்களுக்குப் பாய்வுமானிகளை வாங்குவதில் காட்டும் அக்கறை, அவற்றைப் பொருத்தும் இடத்தைத் தேர்வதில் காட்டப்படுவதில்லை. கைக்கு எட்டும் இடமே ஏற்ற இடம் என்னும் எண்ணம் தவறானது.

மின்காந்தப் பாய்வுமானியை எடுத்துக்கொள்வோம். அது நீரின் வேகத்தை அறிந்து, குழாய் நிறைய நீர் ஓடுவதாகக் கொண்டே அளவைக் கணக்கிடுகிறது. குழாய்ப் பாதையின் உச்சியிலோ காற்று தங்கும். திறந்த வாயை நோக்கி இறங்கும் குழாயிலோ நீர் நிறையாது. அவ்விடங்களில் கருவி உள்ளதைவிட மிகுதியாகக் காட்டக்கூடும். நீர் மேல்நோக்கி ஏறும் செங்குத்துக் குழாயே சிறந்தது. வளைவையும் வால்வையும் கடந்த நீர் ஒழுங்கின்றிச் சுழலும். ஆதலால், கருவிக்கு முன் குழாயின் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கேனும் நேர்க்குழாய் அவசியம். 200 மில்லிமீட்டர் குழாய்க்கு அது 1 மீட்டராகும்.

இவ்வளவைக் கொண்டு குளோரின் செலுத்தும் நிலையங்களில், கருவி தவறினால் மருந்தும் தவறும். குறைந்தால் கிருமிகள் எஞ்சும். மிகுந்தால் நீரின் சுவை கெடும். பதித்த குழாயை வெட்டி மாற்றும் செலவோ பெரிது. ஆகவே, கருவியின் இடம் வரைபடத்திலேயே குறிக்கப்படுதல் வேண்டும். தொழிற்பயிற்சி ஆசிரியர்களும் கருவியின் அமைப்போடு அதன் இடத்தையும் கற்பித்தல் நலம்.