தேநீர் மேசையில் முடிவாகும் பதவி உயர்வு

நானும் இன்னொருவரும் ஒரே வாரத்தில் வேலையில் சேர்ந்தோம். அரசு உதவிபெறும் கல்லூரி. ஒரே துறை. இருவரிடமும் முனைவர் பட்டம் இருந்தது. நான்கு ஆண்டுகள் முடிந்த கையோடு அவருக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்கு அதற்கு மேலும் இரண்டரை ஆண்டுகள் ஆயின.

காரணம் மிகச் சிறியது. ஓரியண்டேஷன், ரெஃப்ரெஷர் பயிற்சிகளை உரிய காலத்துக்குள் முடித்திருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சேர்ந்த முதல் வாரமே மூத்த பேராசிரியர் ஒருவர் அவரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறார். எந்தப் பயிற்சிக்கு எப்போது விண்ணப்பிப்பது, இணை இயக்குநர் அலுவலகத்தில் எந்த மேசையில் கோப்பு தூங்கும் என்பதுவரை சொல்லிக் கொடுத்திருக்கிறார். இருவரும் ஒரே சாதி, தூரத்து உறவு. அதே பேராசிரியர் முதல் வாரத்தில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “சார், நீங்க எந்த டர்ன்ல வந்தீங்க?”

இனச்சுழற்சியில் எந்த இடத்தில் வந்தேன் என்று அதற்குப் பொருள். என் சாதியைக் கேட்காமல் கேட்கும் வழி அது.

இதில் யாரும் விதியை மீறவில்லை. யாரும் என்னை இழிவாகப் பேசவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவும் கிடையாது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான். என் இரண்டரை ஆண்டுகள் போயின.

உயர்கல்வியில் ‘மென்ட்டரிங்’ இப்போது மந்திரச் சொல்லாகிவிட்டது. 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு புதிய ஆசிரியர்களுக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சியைக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் ‘குரு தக்‌ஷதா’. பெயரிலேயே குரு வந்து உட்கார்ந்துவிட்டார். தேசியக் கல்விக் கொள்கை 2020 இன்னும் ஒரு படி மேலே போய், கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு வழிகாட்ட ஒரு தேசிய இயக்கம் அமைப்போம் என்கிறது. தலைசிறந்த மூத்த, ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் அதில் வழிகாட்டிகளாக இருப்பார்களாம்.

யார் இந்தத் தலைசிறந்த மூத்தவர்கள்? 2019இல் மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுச் சட்டம் வரும்வரை, ஐ.ஐ.டி.களின் தொழில்நுட்பத் துறைகளில் பேராசிரியர் நிலைக்கு இடஒதுக்கீடே நடைமுறையில் இல்லை. அப்படியானால் அங்கிருந்து ஓய்வுபெற்று வரும் குருமார்கள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருவார்கள்? அந்தச் சட்டம் வந்த அடுத்த ஆண்டே, ஒன்றிய அரசு அமைத்த குழு ஒன்று ஐ.ஐ.டி.களுக்கு ஆசிரியர் இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு கேட்டுப் பரிந்துரைத்தது. 2021இல் சென்னை ஐ.ஐ.டி.யில் உதவிப் பேராசிரியர் ஒருவர் சாதிப் பாகுபாட்டைக் காரணம் சொல்லிப் பதவி விலகினார். நேர்முகத் தேர்வில் ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று எழுதி நம் இடங்களைக் காலியாக வைத்த கைகளிடமே, உள்ளே வந்தவரைக் கைபிடித்து நடத்தும் வேலையையும் கொடுப்பதா?

பதவி ஒன்றானால் சமத்துவம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் 1918க்குப் போய்ப் பார்க்கட்டும். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் படிக்காத பாமரர்கள் அல்லர். அவர் வகித்த அதே பதவியில் இருந்தவர்கள். இன்று பானைக்குப் பதில் ஆர்.ஓ. இயந்திரம் வந்துவிட்டது, தண்ணீரை யாரும் தடுப்பதில்லை. தகவலைத் தடுக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ‘இடஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குச் சிறப்பு வழிகாட்டல்’ என்று யாராவது கருணையோடு கிளம்புவார்கள். அந்தக் கருணை வேண்டாம். என்னிடம் குறை இருந்ததால் நான் பின்தங்கவில்லை. என்னோடு சேர்ந்தவருக்குக் கிடைத்த வழிகாட்டலுக்கு யாரும் ‘சிறப்பு’ என்று பெயர் வைக்கவில்லையே? அவருக்குச் சோற்றோடு கிடைத்தது எனக்கு மட்டும் சலுகை ஆகுமா?

என்னைக் காப்பாற்றியவர் வேறு கல்லூரியில் பணியாற்றிய ஓர் அக்கா. முகம்கூடப் பார்த்ததில்லை. தொலைபேசியில், “தம்பி, முதல்ல உங்க பணிப்பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமா பாருங்க” என்றார். தன்னுடைய விண்ணப்பத்தின் நகலையே அனுப்பி வைத்தார். அதன் பிறகு நாங்கள் ஐந்து பேர், நான்கு கல்லூரிகளிலிருந்து, மாதம் இரண்டு சனிக்கிழமை பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் கூடினோம். யாருக்கு மெமோ வந்தாலும் பதிலை ஐவரும் சேர்ந்தே எழுதினோம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று ராஜினாமாக் கடிதத்தோடு வந்த ஒரு தம்பி, அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். இன்று அவர் துறைத் தலைவர்.

எங்களிடமும் கோளாறு இருந்தது, மறைக்க மாட்டேன். ஒரு சக ஆசிரியை கேட்டார்: “சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடைக்கு நான் எப்படி சார் வர்றது?” சுயநிதிப் பிரிவில் வேலை பார்க்கும் அருந்ததியர் தோழர் ஒருவர், “நீங்க பதவி உயர்வைப் பேசுறீங்க. எனக்கு வர்ற ஜூன்ல வேலை இருக்குமான்னே தெரியல” என்றார். பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தோம். நமக்குள்ளும் மேசையில் இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் உண்டு. அதை ஒப்புக்கொண்ட பிறகே கூட்டத்தின் நேரம் மாறியது, இடம் மாறியது, பேச்சும் மாறியது.

நிர்வாகப் பதவியில் இது இன்னும் கொடுமை. எங்களில் ஒருவர் முதல்வரானார். “சாவிக்கொத்தைக் கொடுத்தாங்க, எது எந்தப் பூட்டுக்குன்னு யாரும் சொல்லல” என்றார். தணிக்கை ஆட்சேபணை, கருவூலம், நிர்வாகக் குழுத் தீர்மானம் என்று ஒவ்வொன்றிலும் முன்னவர்கள் தம் ஆட்களுக்கு வழி சொல்லிப் போயிருக்கிறார்கள். இவருக்கு அலுவலகமே வாய் மூடிக்கொண்டது. ஒரு தவறு நடந்ததும் “நிர்வாகம் தெரியாதவர்” என்ற பட்டம் தயாராக வந்தது. தெரியவிடாமல் செய்தது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

எனவே நாம் கேட்க வேண்டியது குருவை அல்ல. பணியில் சேரும் அன்றே பதவி உயர்வு, பயிற்சி, விடுப்பு, ஆய்வு வழிகாட்டி அங்கீகாரம் தொடர்பான விதியும் படிவமும் நாளும் எழுத்தில் ஒவ்வொருவர் கைக்கும் வர வேண்டும். துறைக்கு வெளியே, தன் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரம் இல்லாத சக ஆசிரியர் ஒருவரைத் துணையாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். சுயநிதி, கௌரவ விரிவுரையாளர்களுக்கும் அது வேண்டும். அப்படிக் கூடும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். யாருக்கு எந்தப் பயிற்சி கிடைத்தது, யாருடைய கோப்பு எத்தனை மாதம் கிடந்தது என்பதை எஸ்.சி., எஸ்.டி. பிரிவு ஆண்டுதோறும் வகுப்புவாரியாக வெளியிட வேண்டும். இரகசியமாக இருக்கும்வரை அறிவு சாதியின் சொத்து. அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அது எல்லோருக்கும் பொது.

நெட், செட் எழுதிக்கொண்டிருக்கும் தோழர்களே, நாளை இந்த ஆசிரியர் அறைகளுக்குள் நீங்கள் வருவீர்கள். தனியாக வராதீர்கள். வருவதற்கு முன்பே நான்கு பேரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் எடுங்கள். உங்களுக்கு அடுத்து ஒருவர் சேரும் நாளில் அவர் எந்த டர்னில் வந்தார் என்று கேட்காதீர்கள். பணிப்பதிவேட்டைப் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள்.