செல்போனின் சாவி யார் இடுப்பில்?

"நீ என்ன தப்பு பண்றே, எதை மறைக்கப் போறே?"

கூகுள் இல்லாத இயங்குதளம் ஒன்றை செல்போனில் போட்டுக்கொள்ளலாம் என்று நான் பேச ஆரம்பித்தாலே, நம்ம தோழர்களிடமிருந்து வருகிற முதல் கேள்வி இது. போலீஸ் ஸ்டேஷனில் நம்மைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. அதை நாமே நமக்குள் கேட்டுக்கொள்வதுதான் எனக்கு எரிச்சல். மாடி வீட்டுக்காரன் இரும்புக் கேட் போட்டால் உள்ளே என்ன திருட்டுத்தனம் என்று எவனும் கேட்பதில்லை. குடிசைக்குத் தட்டி வைத்தால் மட்டும் எட்டிப் பார்ப்பான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நல்லது. அதற்குப் பிறகுதான் நாக்பூரிலும் பஞ்ச்குலாவிலும் சண்டிகரிலும் துப்புரவுப் பணியாளர்கள் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் மாட்டப்பட்டு 2020-ல் பெரிய சர்ச்சையானது. எங்கே நிற்கிறாள், எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று அறைக்குள் உட்கார்ந்து பார்க்க அந்தக் கடிகாரம். 2023 ஜனவரியிலிருந்து நூறு நாள் வேலைத் தளங்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்றார்கள். குப்பை அள்ளுகிற கை, மண் வெட்டுகிற கை. கண்காணிப்பு முதலில் இங்கேதான் வந்து இறங்குகிறது. ஆகவே அந்தரங்கம் என்பது படித்த மேல்தட்டு ஆசாமிகளின் பொழுதுபோக்கு என்று தயவுசெய்து யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

நாமே காசு கொடுத்து வாங்கிப் பையில் வைத்திருக்கிற போனுக்கு வருவோம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-ல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டையும் சோதித்தார். யாரும் தொடாமல் சும்மா கிடந்தாலும் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டுமே தங்கள் முதலாளிக்குத் தகவல் அனுப்பின. அதே ஆண்டு அக்டோபரில் லீத்தும் எடின்பரோ பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து சாம்சங், ஷாவ்மி, ரியல்மி, ஹுவாவே போன்களில் ஓடும் ஆண்ட்ராய்டையும், மாற்று இயங்குதளங்களான லினேஜையும் இ-ஓ.எஸ்.ஸையும் சோதித்தார்கள். ஏறக்குறைய ஒன்றுமே அனுப்பாமல் இருந்தது இ-ஓ.எஸ். ஒன்றுதான். லினேஜின் மேல் கூகுள் தொகுப்பை ஏற்றிச் சோதித்தபோது கூகுளுக்குப் போவது போய்க்கொண்டேதான் இருந்தது. இதைப் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டை மாற்றிவிட்டுப் பழைய ஆண்டையையே திண்ணையில் குடிவைத்தால் மாற்றியதில் என்ன பிரயோசனம்?

இதெல்லாம் எப்படி சாத்தியம் என்றால், ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கட்டலாம். கூகுள் அதன்மேல் தன் சரக்கை ஏற்றி, வேறெந்தச் செயலிக்கும் இல்லாத அதிகாரத்தை அதற்குக் கொடுத்து விற்கிறது. அந்த மேல்சரக்கை உருவிவிட்டு மிச்சத்தைக் கட்டுகிறவர்கள்தான் இவர்கள். லினேஜ் 2016 கடைசியில் சயனோஜென்மாட் செத்தபோது அதன் சாம்பலில் முளைத்தது. இ-ஓ.எஸ். மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய கேல் டுவால் தொடங்கியது. கிராபீன் 2014-ல் வேறு பெயரில் ஆரம்பித்து, பிக்சல் போன்களை நம்பியே வளர்ந்தது. கேலிக்ஸ் என்று ஒன்று, 2025 ஆகஸ்டில் வெளியீடுகளை நிறுத்திவைத்தார்கள். நாலு பேர் தோளில் நிற்கிற வேலைக்கு இந்த ஆபத்து உண்டு.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். நீ யாருக்குப் பயப்படுகிறாய், அதைச் சொல் முதலில்.

கம்பெனிக்காரன் என் பேச்சையும் போக்கையும் விற்றுத் தின்கிறான், அவ்வளவுதான் என் கோபம் என்றால் இ-ஓ.எஸ். போதும். கூகுள் தொகுப்பு ஏற்றாத லினேஜும் போதும். பழைய போன்கள் பலவற்றில் ஓடும். கம்பெனி கைவிட்ட போனுக்கு இன்னும் சில வருடம் ஆயுள் கிடைக்கும், ஏழைக்கு அதுவே பெரிய விஷயம். இ-ஓ.எஸ்.ஸில் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாக வருகின்றன என்று குறை சொல்கிறார்கள், அது நியாயமான குறைதான்.

ஆனால் போராட்டத்துக்குப் போகிறவன், உண்மையறியும் குழுவில் போகிறவன், வன்கொடுமை வழக்கில் சாட்சிகளைச் சந்திக்கிறவன் கதை வேறு. அவன் போனைப் பிடுங்கினால் மாட்டுவது அவன் மட்டுமல்ல, சேரியில் அவனிடம் பேசின அத்தனை பேரும். இங்கே லினேஜ் உதவாது. பெரும்பாலான போன்களில் லினேஜ் போட்டபின் பூட்லோடர் என்கிற அடிப்பூட்டைத் திறந்தபடியே விட வேண்டியிருக்கிறது. கையில் எடுத்தவன் உள்ளே எதையாவது செருகலாம். கிராபீனில் போட்டபின் மறுபடியும் பூட்டிக்கொள்ளலாம். 18 மணி நேரம் யாரும் திறக்காவிட்டால் தானே அணைந்து எழுந்து, கடவுச்சொல் இல்லாமல் எதையும் காட்டாத நிலைக்குப் போய்விடும். மிரட்டிக் கேட்டால் சொல்வதற்கென்றே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளலாம், அதை அடித்தால் எல்லாம் அழிந்துபோகும். செலிபிரைட் என்பது போலீசுக்குப் போன் உடைக்கும் கருவி விற்கிற கம்பெனி. அதன் ஆவணங்கள் 2024-ல் வெளியே கசிந்தபோது, ஒழுங்காகப் புதுப்பித்த கிராபீன் போனை உடைக்க முடியவில்லை என்பது அதிலேயே இருந்தது. போராட்டத்துக்குப் போகும்போது கைரேகைப் பூட்டை எடுத்துவிடுங்கள். விரலைப் பிடித்து அழுத்துவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

இவ்வளவும் சொன்னபின் பீமா கோரேகான் வழக்கையும் சொல்லியாக வேண்டும். ரோனா வில்சனின் லேப்டாப்புக்குள் மின்னஞ்சல் வழியாகப் புகுந்து ஆவணங்களைத் திணித்திருந்தார்கள் என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021-ல் அறிக்கை கொடுத்தது. அவருடைய ஐபோனில் பெகாசஸ் தாக்குதலின் தடயங்கள் இருந்ததையும் அவர்களே கண்டார்கள். ஐபோன் வாங்கிட்டா நிம்மதி என்கிற தோழர்கள் இதைக் கவனிக்கட்டும். போனுக்கு எந்த இயங்குதளம் போட்டிருந்தாலும் லேப்டாப்பில் வந்த மின்னஞ்சலை அது தடுத்திருக்காது. செல் கோபுரத்துக்கு நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிவதையும் தடுக்காது.

இன்னொரு பயம் இருக்கிறது, இதைப் பற்றி எழுதுகிற ஆண்கள் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. சாதி மாறிக் காதலிக்கிற பொண்ணுக்கு கூகுளா எதிரி? அவள் போனை ராத்திரியில் எடுத்துப் பார்க்கிற அண்ணன்தான், சித்தப்பாதான். அவளிடம் போய் இயங்குதளத்தை மாற்று என்றால், ஏன் மாத்தினே என்கிற கேள்வியே அவள் உயிருக்கு உலை. கிராபீனில் வேறு கடவுச்சொல்லோடு தனி அறை மாதிரி இன்னொரு பயனர் கணக்கு வைக்கலாம். ஆனால் வீட்டில் எல்லாரும் ரெட்மி வைத்திருக்க இவள் கையில் மட்டும் பிக்சல் எப்படி வரும்? அவளுக்குத் தானாக மறையும் செய்திகளும், நம்பகமான தோழி ஒருத்தியின் போனும்தான் இன்றைக்கு உதவும். மென்பொருளால் ஆகாததை ஆகும் என்று சொல்லி யாரையும் சாகக் கொடுக்கக் கூடாது.

பிக்சல் என்றதும் சிரிக்கிறீர்கள், தெரியும். கூகுளிடமிருந்து தப்பிக்க கூகுள் போனையே வாங்கணுமா? கொடுமைதான். வேறு இயங்குதளம் போட்டுத் திரும்பப் பூட்டவும் விட்டு, பாதுகாப்புச் சில்லும் வைத்து, பிக்சல் 8-லிருந்து 7 வருடம் திருத்தமும் தருகிற போன் அபூர்வம். மற்ற கம்பெனிகள் என்ன செய்கின்றன? அடிப்பூட்டைத் திறக்க ஷாவ்மி கணக்குத் தொடங்கச் சொல்லிக் காத்திருக்க வைக்கிறது. சாம்சங்கில் திறந்து வேறு இயங்குதளம் போட்டால் உள்ளே ஒரு உருகி எரிந்து, உன் போன் தீட்டுப்பட்டது என்று நிரந்தரமாகப் பதிந்துவிடும். காசு நான் கொடுத்தேன், சாவி அவன் இடுப்பில். ஆண்ட்ராய்டில் ஆதிக்கத்தைத் துஷ்பிரயோகம் செய்ததற்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்தச் சண்டை சந்தை ஆதிக்கத்தைப் பற்றியது. சாவியை வாங்குகிறவன் கையில் கொடு என்று அதில் யாரும் கேட்கவில்லை. என் வழக்கு அதுதான். எந்தப் போனை விற்றாலும், விரும்பினால் பூட்டைத் திறந்து வேறு இயங்குதளம் போட்டுப் பூட்டிக்கொள்ளும் உரிமையை வாங்குகிறவனுக்குத் தரவேண்டும் என்று சட்டம் வேண்டும். எட்டாயிரம் ரூபாய் போனுக்கும் வேண்டும்.

சுதேசி வந்திருக்கே என்று ஒரு கோஷ்டி. சென்னை ஐ.ஐ.டி.யில் அடைகாக்கப்பட்ட கம்பெனியின் பார்-ஓ.எஸ்.ஸை 2023 ஜனவரியில் அமைச்சர்கள் சோதித்துப் படமெடுத்துக்கொண்டார்கள். அதுவும் அதே ஆண்ட்ராய்டு அடித்தளத்தின் மேல் கட்டியதுதான். சுதேசி என்பதற்காக நான் ஏன் நம்ப வேண்டும்? சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதுப் போனிலும் ஏற்றியே விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் உத்தரவு போட்டதும் சுதேசி அரசுதான். எதிர்ப்புக் கிளம்பியதால் டிசம்பர் 3-ல் வாபஸ் வாங்கினார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பழைய பிக்சல் வாங்கினால் பணம் கொடுக்குமுன் அமைப்புகளில் 'ஓ.ஈ.எம். அன்லாக்கிங்' என்பதை இயக்க முடிகிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிற சில போன்களில் அது செத்துக் கிடக்கும், செங்கல் வாங்கின மாதிரிதான். பூட்டைத் திறக்கும்போது உள்ளே இருப்பது முழுக்க அழியும், படங்களை முதலில் எடுத்துவையுங்கள். கிராபீனில் கூகுள் பிளே வேண்டுமென்றால் சாதாரணச் செயலி மாதிரி கூண்டுக்குள் வைத்து ஓட்டலாம். வங்கிச் செயலிகள் பல வேலை செய்யும், சில முறுக்கிக்கொள்ளும். என் வங்கிச் செயலி, 'உங்கள் சாதனம் பாதுகாப்பற்றது' என்று மூஞ்சியில் அடித்தது. என் சாதனம் அந்த வங்கியின் சாதனங்களைவிடப் பத்திரம்தான். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. இப்போது அந்த வேலைக்கு மட்டும் பழைய போன் ஒன்று, சிம் இல்லாமல், வீட்டு அலமாரியில் கிடக்கிறது.