சாய்மனைக்கு முன்னால் ஒரு வாசிகசாலை

அப்பா காலையில் பேப்பரை விரிப்பார், கொஞ்ச நேரம் பார்ப்பார், மடித்து வைத்துவிடுவார். இது எத்தனை மாதம் நடந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மரண அறிவித்தலில் தெரிந்தவர் ஒருவரின் பெயர் வந்திருந்தும் அவர் ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்த அன்றுதான் அம்மா விளங்கிக்கொண்டா. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. மற்றக் கண்ணுக்கு இனிக் கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

வாசிப்பை விடக்கூடிய ஆள் அல்ல அவர். வேலை செய்த காலத்தில் கந்தோரால் வந்ததும் சைக்கிளை நேரே வாசிகசாலைக்கு விடுவார். ஒரு பேப்பரை நாலு பேர் தாள் தாளாகப் பிரித்து எடுத்து, வாசித்ததும் கைமாற்றிக்கொள்வார்கள். ஒருவர் உரத்து வாசித்தால் மற்றவர்கள் தங்கள் தாளைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். பெரியகல்லாற்றில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்களுக்கு இருப்பது ஒடுங்கிய நிலம்தான். உலகம் அந்த வாசிகசாலை மேசையில் வந்து விரிந்தது.

முதலில் கைபேசியில் முயன்றோம். இரண்டு விரலால் எழுத்தைப் பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே போய்விடும். முடிவைப் பார்க்கப் பக்கத்தைத் தள்ளினால் தொடக்கம் காணாமல் போகும். "எழுத்து ஓடுது மனே" என்று கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டார். அவருடைய சாய்மனைக் கதிரைக்கு எதிரே, மூன்று மீற்றர் தூரத்தில், 32 அங்குல ரீவி சுவரில் இருந்தது. மடிக்கணினியை எச்டிஎம்ஐ வயரால் அதில் பொருத்தினால் போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. படம் வந்தது, வாசிக்க முடியவில்லை. பக்கத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெண்ணிற நிழல் ஒன்று. கிட்டப் போய்ப் பார்த்தேன். 'ன்' என்ற எழுத்தின் புள்ளி மேலே ஒரு கறையாகக் கரைந்து கிடந்தது. 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிப்போயிருந்தன. ஆங்கில எழுத்துக்கு இந்த அளவு சேதம் வராது. தமிழ் எழுத்து சுழியிலும் புள்ளியிலும் வாழ்வது. அவை மங்கினால் சொல்லே மாறிவிடும்.

காரணம் பிறகு விளங்கியது. குழாய் ரீவிக் காலத்தில் படத்தின் ஓரம் ஒழுங்காக நிற்காது. அதனால் படத்தைச் சற்றுப் பெருப்பித்து ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். குழாய் போய்த் தட்டைத் திரை வந்த பிறகும் பல ரீவிகள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பெருப்பிக்கும்போது கணினி அனுப்பும் புள்ளியும் திரையின் புள்ளியும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாமல் போகின்றன, எழுத்து கலங்குகிறது. றிமோட்டில் படத்தின் அளவுக்கான இடத்தில் இதை நிறுத்த ஒரு தெரிவு இருக்கும். சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கான்'. வெண்ணிழலுக்குக் காரணம் 'ஷார்ப்னஸ்'. சினிமாக் காட்சியின் விளிம்பைத் தூக்கிக் காட்டவென வைத்தது எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிடுகிறது. அதை அடிமட்டத்துக்கு இறக்கினேன். வயர் செருகிய வழிக்குப் 'பிசி' என்று பெயர் கொடுத்தேன். சில ரீவிகள் அந்தப் பெயரைக் கண்டதும் தங்கள் சோடனைகளை நிறுத்திக்கொள்கின்றன. புள்ளி புள்ளியாக வந்து நின்றது.

அப்போதும் அப்பா, "தெளிவா இருக்கு, ஆனா சின்னன்" என்றார். 32 அங்குலத் திரையில் எப்படிச் சின்னதாகும் என்று அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். திரையின் அகலம் 70 சென்ரிமீற்றர். 14 சென்ரிமீற்றர் அகலமான புத்தகப் பக்கத்தை அதில் நிரப்பினால் ஐந்து மடங்காகிறது. 3 மில்லிமீற்றர் எழுத்து 15 மில்லிமீற்றர். ஆனால் புத்தகத்தை 40 சென்ரிமீற்றரில் பிடிக்கிறோம், ரீவியோ மூன்று மீற்றரில், ஏழரை மடங்கு தூரத்தில். கண்ணுக்கு அது கையிலிருக்கும் புத்தகத்தைவிடச் சிறிது! பெருப்பித்ததை எல்லாம் தூரம் தின்றுவிட்டது. பக்கத்தின் வெற்று ஓரங்களை விலக்கி, எழுத்துப் பகுதியை மட்டும் ஏழு மடங்காக விரித்தேன். சாய்மனையை ஒன்றரை மீற்றருக்கு இழுத்தோம். இப்போது எழுத்து கைப்புத்தகத்தில் தெரிவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. திரையில் ஒரு நேரத்தில் ஒன்பது, பத்து வரிதான் கொள்ளும். ஆனால் ஒவ்வொரு வரியும் முழுசாக நிற்கும்.

ரீவியில் எழுத்து வாசிப்பது புதுமையும் அல்ல. பிபிசி 1974இல் 'சீஃபாக்ஸ்' என்ற சேவையைத் தொடங்கி, செய்தியை எழுத்தாகவே ரீவிக்கு அனுப்பியது. 2012 வரை அது நடந்தது. ஒரு பக்கத்துக்கு 24 வரி, வரிக்கு 40 எழுத்து. கதிரையில் இருந்தபடி வாசிக்க அவ்வளவுதான் தாங்கும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அது நல்ல கண்ணுக்கு. அப்பாவின் கண்ணுக்கு அதில் பாதியும் தாங்காது.

வயர் இல்லாமல் செய்யலாமே என்று மருமகன் கேட்டான். செய்து பார்த்தோம். காற்றில் அனுப்பும்போது படத்தை வீடியோவாக நெருக்கித்தான் அனுப்புகிறது. பக்கம் நகரும் ஒவ்வொரு தடவையும் எழுத்து கலைந்து, பிறகு கூடுகிறது. வயரே நல்லது. யூஎஸ்பி குச்சியில் பிடிஎஃப் போட்டுச் செருகினால் எங்கள் ரீவி திறக்காது. ஆனால் படம் என்றால் திறக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றிக் கொடுத்தால் கணினியே வேண்டாம், றிமோட்டில் அம்மாவும் புரட்டுவா. பழைய வேர்ட் கோப்புகள்தான் கரைச்சல். பாமினியில் தட்டச்சு செய்தவை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக விழுகின்றன. நம் ஊர்ச் சங்கங்களின் மலர்களும் அறிக்கைகளும் எத்தனையோ இப்படிப் பூட்டிக் கிடக்கின்றன. வைத்திருப்பவர்கள் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஒன்றும் எடுத்து வைத்தால் பெரும் புண்ணியம்.

எல்லாம் பொருந்திய அன்று, என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். யோசிக்காமல், "கந்தையாட புத்தகம்" என்றார்.

மண்டூர் வித்துவான் வீ. சீ. கந்தையா எழுதி 1964இல் வந்த 'மட்டக்களப்புத் தமிழக'த்தைச் சொல்கிறார். மண்டூர் எங்களுக்கு வாவியின் அந்தப் பக்கம், படுவான்கரை. நாங்கள் எழுவான்கரை. குருமண்வெளியில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறினால் அக்கரை மண்டூர். அப்பாவிடம் அந்தப் புத்தகம் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது அலுமாரியோடு போயிற்று. அத்தனை உயிர்களை எடுத்த தண்ணீர் புத்தகத்தையும் எடுத்தது என்று சொல்ல வெகு காலம் எங்கள் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அடுத்த மாதமே, 2005 ஜனவரியில், சில இளைஞர்கள் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, யாரும் காசில்லாமல் வாசிக்க வைத்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட இனத்துக்கு இந்த வேலையின் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் புத்தகம் அங்கே இருந்தது.

பொருளடக்கத்தைத் திறந்தேன். அவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். பழைய ஈய அச்சு, அங்கங்கே மை திட்டான எழுத்து, மஞ்சள் பாரித்த தாள். அந்த மஞ்சள் கண்ணுக்கு இதமாகவும் இருந்தது, பளீரென்ற வெள்ளை அவருக்குக் கூசும். உரத்து வாசிக்கத் தொடங்கினார். பத்து வரி முடிந்ததும் கையை அசைப்பார், நான் தள்ளுவேன். சில நாளில் கை அசைக்கத் தேவையில்லாமல் போயிற்று. குரல் இறங்கும் இடம் எனக்குப் பழகிவிட்டது. கோயிலில் ஏடு வாசிப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் செய்கிற வேலைதான். அம்மா சுளகோடு வந்து இருந்து கேட்டா. பக்கத்து வீட்டு மாமியும் வந்தா. கைபேசியில் ஒருவர் வாசித்தால் மற்றவருக்கு அவருடைய முதுகுதான் தெரியும். இங்கே ஒரே பக்கத்தை எல்லாரும் பார்த்தோம்.

எங்கள் பகுதி வாசிகசாலைகளை நடத்துபவர்களிடம் இதைக் கேட்கிறேன். ஒரு ரீவி, ஒரு பழைய கணினி, ஒரு வயர், ஒன்றரை மீற்றரில் நாலு கதிரை. கண் மங்கியதால் வாசிகசாலைக்கு வருவதை நிறுத்தியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் கொழும்புப் பத்திரிகைகள் சில சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் விட்டதையும், மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதையும் பார்த்தோம். தாள் வராத நாளிலும் அந்தத் திரையில் பேப்பர் வரும். பத்திரிகைக்காரர்கள் முழுப் பக்கத்தைப் படமாகப் போடுவதோடு நில்லாமல், செய்தியை ஒரே பத்தியாகவும் தந்தால் வயதானவர்களுக்குப் பேருதவி.

போன கிழமை அப்பா ஒரு கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். கண்ணகி வழக்குரையில் சில பகுதிகளை இளவயதில் தன் கையால் எழுதிவைத்தது. வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்கு எங்கள் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் படிப்பது. சுனாமி நேரம் படுவான்கரையில் உறவினர் ஒருவரிடம் இரவலாக இருந்ததால் தப்பியது. நீல மை வெளிறி, எனக்கே சரியாகத் தெரியவில்லை. கைபேசியில் படம் எடுத்து, மையைக் கறுப்பாக்கி, குச்சியில் போட்டு ரீவியில் செருகினேன். ஐம்பது வருடத்துக்கு முந்திய அவருடைய கையெழுத்து சுவரளவுக்கு எழும்பியது.

மெல்ல வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றார். திரும்பவும் வாசித்தார். எழும்பித் திரைக்குக் கிட்டப் போய் ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

"இதில றகரம் வரோணும். நான் பிழையா எழுதியிருக்கன். அந்தப் பேனையை எடு மனே, கொப்பியில திருத்துவம்."