பக்கத்து இருக்கை இறந்தவருக்கு

ஜோஹன்னஸ்பர்க் மினி பஸ்ஸில் எப்போதாவது ஒரு பயணி இரண்டு பேருக்கான கட்டணம் கொடுப்பார். பக்கத்து இருக்கை காலி. கையில் ஒரு முள்கிளை. அவர் யாருடனும் பேசமாட்டார். விவரம் தெரிந்த டிரைவர் கேள்வி கேட்கமாட்டார். அந்த இருக்கை இறந்தவருக்கு.

ஆஸ்பத்திரியிலோ சாலை விபத்திலோ ஒருவர் உயிர்விட்டால் ஆவி அங்கேயே தங்கிவிடும் என்பது ஜூலு மக்களின் நம்பிக்கை. குடும்பத்தார் ஒருவர் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உம்லாஹ்லன்கோசி மரக்கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். (நம் இலந்தைக்கு நெருங்கிய உறவு இந்த மரம்.) நடந்து போன காலத்து வழக்கம் மினி பஸ்ஸிலும் தொடர்கிறது. டிக்கெட் மட்டும்தான் புதிது.

நிறவெறி அரசின் கணக்கில் கறுப்பர்கள் நகரத்தில் உழைக்கலாம், அதைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பாஸ் சட்டங்கள் 1986-ல்தான் ரத்தாயின. செத்தவர்களின் இடமும் கிராமம்தான் என்றிருந்தது. இப்போது சொவெட்டோவிலேயே பிறந்து அங்கேயே புதைக்கப்படுகிறவர்கள் ஏராளம். அவர்களுடைய முன்னோர் எங்கே குடியிருப்பது?

கிராமத்துக் குடிசையில் வாசலுக்கு நேர் எதிரே, பின்சுவரை ஒட்டி 'உம்சாமோ' இருக்கும். முன்னோருக்கான பீர்ப் பானையும் பலி இறைச்சியும் வைக்கும் இடம் அது. அரசு கட்டிய நாலு அறை வீட்டில் அதற்கேது இடம்? வசதியுள்ளவர்கள் கொல்லையில் சின்னதாக ஒரு வட்டக் குடிசை கட்டிக்கொள்கிறார்கள். மற்றவர்கள் படுக்கையறை மூலையில் சாம்பிராணி போல இம்பெபோ இலையைப் புகைத்துப் பேசுகிறார்கள். ஞாயிறன்று சர்ச்சுக்குப் போகிறவர்களும் இவர்களில் உண்டு. அடுக்குமாடிவாசிகள் பாடுதான் திண்டாட்டம்.

புகையாவது பரவாயில்லை, மாடு வெட்டுவதில்தான் சிக்கல். இறந்து ஓராண்டு போல ஆனதும் ஆவியை வீட்டுக் காவலாகத் திரும்ப அழைக்கும் 'உகுபுயிசா' சடங்குக்கு மாடு வேண்டும். கறுப்பர்கள் இப்போது வெள்ளையர் பகுதிகளிலும் குடியேறிவிட்டதால் வேலிக்கு அந்தப்பக்கம் பார்வையாளர்கள் வேறு. 2007 ஜனவரியில், மோசடி வழக்கில் சிறை சென்று வெளிவந்த ஆளுங்கட்சிப் பிரமுகர் டோனி யெங்கேனி, கேப்டவுனின் குகுலேத்துவில் பெற்றோர் வீட்டில் காளையைப் பலி கொடுத்தார். ஈட்டியால் குத்தினார் என்று பிராணிவதைத் தடுப்புச் சங்கம் விசாரணையில் இறங்கியது. நாடே இரண்டுபட்டு வாதாடியது.

'கசாப்புக்கூடத்தில் மயக்கமூட்டி வெட்டலாமே' என்பது எதிர்ப்பாளர்களின் யோசனை. அது எடுபடாது. கோசா மக்களுக்கு ஈட்டி பட்டதும் மாடு கதறவேண்டும். முன்னோர் ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். வேலிக்கு அந்தப்பக்கம் அதே கதறலைக் கேட்டவர் போனை எடுக்கிறார்.