துணையும் மருந்தே

நோய் தீர்தற்பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்லுதல் இந்நாளில் பெருவழக்காயிற்று. காட்பாடிச் சந்திப்பில் வந்து நிற்கும் வடநாட்டு இரயில்களை நோக்குவார் இதனை எளிதில் உணர்வர். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, இன்று வங்காளத்தினின்றும் நோயாளரை வரவழைக்கின்றது. அவர்பொருட்டு அந்நகரக் கடைவீதியில் வங்க எழுத்துப் பலகைகளும் தொங்குகின்றன. நம் தென்பாண்டிச் சீமையாரும் வேலூரையும் மதுரையையும் சென்னையையும் நாடிச் செல்கின்றனர்.

இப்பிரயாணத்திற்கு நம் இல்லங்களில் நிகழும் ஆயத்தம் யாது? நகை அடகுக்குப் போகின்றது, கட்டுச்சோறு ஆயத்தமாகின்றது, உற்றார் வந்து கண்ணீருடன் விடை கொடுக்கின்றனர். உடன் செல்பவர் யார் என்னும் வினாவோ இறுதியிலேதான் எழுகின்றது. அன்று வேலையின்றி இருப்பவர் எவரோ, அவரே அனுப்பப்படுகின்றார். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே எம் கருத்து.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவான் ஆகிய நால்வகையும் கூடியதே மருத்துவம் என்கின்றது. உரைகண்ட பரிமேலழகர் இந்நான்கிற்கும் தனித்தனியே நந்நான்கு இயல்புகளை வகுத்தார். உதவுவானுக்கு அவர் வேண்டுவன அன்பும் தூய்மையும் சொல்லியவாறு செய்யும் வன்மையும் மட்டுமல்ல. அறிவும் வேண்டும் என்றார். நாம் அன்புடையாரை அனுப்புகின்றோம். அறிவையும் உடன் அனுப்புகின்றோமா?

நோயாளிக்கு அவர் கூறிய இயல்புகளுள் ஒன்று, தன் நோய்நிலையை உணர்த்தல். வலியால் தளர்ந்தவர் அதனைச் செவ்வனே செய்தல் அரிது. துணைவரே செய்தல் வேண்டும். ஆதலின், பழைய மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனைத் தாள்களையும் ஸ்கேன் படங்களையும் கால வரிசைப்படி அடுக்கிக்கொள்க. நாள்தோறும் உண்ணும் மருந்துகளின் பெயரையும் அளவையும் வேளையையும் ஒரு தாளில் எழுதுக. உடலுக்கு ஒவ்வாத மருந்து உண்டாயின் அதனையும் குறிக்க. தங்கும் நாள் நீளக்கூடுமாதலின் மருந்தைச் சற்று மிகுதியாகவே கொண்டு, பெட்டியில் இடாது கைப்பையில் வைக்க. இன்சுலின் ஏற்றுவோர் அது வெயிலில் படாதவாறு காக்க. மருத்துவர் முன் இருக்கும் நேரம் சிறிது. கேட்க எண்ணியதெல்லாம் அங்கே மறந்துபோம். வினாக்களை முன்னரே எழுதி, விடைகளை அங்கேயே குறித்துக்கொள்ளுதல் துணைவர் கடன்.

"கூலி வேலை செய்யும் குடும்பத்தில் நோயாளியின் வருவாய் நின்றபின், அறிவுடைய மற்றொருவரும் வேலையை விட்டுச் செல்லுதல் இயலுமோ?" எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. துணைவருக்கும் உணவு வேண்டும். படுக்க இடம் வேண்டும். இழந்த கூலிக்கு ஈடு வேண்டும். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளரோடு உடன் செல்லும் ஒருவருக்கும், உரிய சான்று காட்டின், இரயில்வேயார் கட்டணச் சலுகை அளிக்கின்றனர். துணையின் இன்றியமையாமையை இரயில்வேயார் உணர்ந்திருக்க, ஊரார் உணராதிருத்தல் முறையோ? நோயாளிக்கெனப் பணம் திரட்டும் அண்டை வீட்டார், துணைவர் செலவையும் அதனோடு சேர்த்துத் திரட்டுதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்கின்றோம். நம் தெருவில் நெடுந்தொலைவு மருத்துவத்திற்குப் புறப்படுவார் ஒருவரேனும் இருப்பர். அவருடைய தாள்களை அடுக்கிக் கொடுப்போம். வினாக்களை எழுதிக் கொடுப்போம். இயலுமாயின் உடனும் செல்வோம். மருத்துவம் கல்லாத நாமும் மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கு ஆகலாம். அப்பங்கு குறையின், ஏனைய மூன்றும் நிறைந்திருந்தும் நோயாளிக்கு முழுப்பயன் கிட்டாது.