மிதிவெடித் தடைச் சமவாயத்திலிருந்து விலகும் நாடுகள்: எமது கூட்டமைப்பின் நிலைப்பாடு

எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்றும் 2025 யூன் 27 அன்று தமது விலகல் பத்திரங்களை ஐ.நா. செயலாளர் நாயகத்திடம் கையளித்தன. யூலை 10 அன்று பின்லாந்து, ஓகஸ்ட் 20 அன்று போலந்து. மிதிவெடித் தடைச் சமவாயமான ஒட்டாவா சமவாயத்தின் 20ஆம் உறுப்புரைப்படி, பத்திரம் கொடுத்து ஆறு மாதம் கழிந்த பின்னரே விலகல் செல்லுபடியாகும். முதற் கெடு 2025 டிசெம்பர் 27. அதற்கு முன்னர் கூட்டமைப்பு வாய் திறக்க வேண்டுமென்று கிளைகள் வற்புறுத்தியதாலும், செயற்குழுவில் எழுந்த கருத்து வேறுபாடுகள் பெருமளவுக்குத் தீர்க்கப்பட்டதாலும் இவ்வறிக்கை வெளியாகிறது.

இந்த விலகல்களை நாம் எதிர்க்கிறோம். ஐந்து அரசுகளும் தமது பத்திரங்களை மீளப்பெற வேண்டும்.

சமவாயம் எப்படிப் பிறந்தது என்பதை எமது உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1992இல் ஆறு அமைப்புகள் தொடங்கிய இயக்கம், ஐந்தே ஆண்டுகளில் 122 அரசுகளை ஒட்டாவாவில் கையொப்பமிட வைத்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் இந்தியாவும் பாகிஸ்தானும் அன்றும் வெளியே, இன்றும் வெளியே. ஆனாலும் மிதிவெடி விற்பது வெளியில் சொல்லிச் செய்யக்கூடிய வியாபாரமாக இல்லாமற் போனது. இப்போது உடைபடுவது அதுதான்.

ரஷ்யாவின் அயலில் வாழும் சிறிய நாடுகளின் அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உக்ரேனில் ரஷ்யப் படை புதைத்தவற்றை உலகம் அறியும். பாதுகாப்புச் சூழல் மாறிவிட்டது என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம் எனக் கருதுவோர் எமது செயற்குழுவிலும் உளர். அக்கருத்து இங்கு பதிவு செய்யப்படுகிறது. ஆனால் இந்தச் சட்டம் போர்க்காலத்துக்கென்றே எழுதப்பட்டது. மழைக்கு வேய்ந்த கூரையை, வானம் இருண்டதும் பிரித்தெறிவது என்ன புத்தி? பின்லாந்தைப் போலவே ரஷ்யாவுடன் தரை எல்லை கொண்ட நோர்வே சமவாயத்துக்குள்ளேயே இருக்கிறது.

விலகும் அரசுகள் தரும் வாக்குறுதி ஒன்றுண்டு: பொறுப்போடு பயன்படுத்துவோம், புதைக்கும் இடத்தைப் பதிவு செய்வோம், வரைபடம் வைத்திருப்போம், போர் முடிந்ததும் எடுத்துவிடுவோம். இதைப் பற்றி விரிவாகவே பேச விரும்புகிறோம். எமது உறுப்பினர்களில் பலர் அப்படியான வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணில் முழங்காலிட்டவர்கள்.

இலங்கையின் வடக்கிலுள்ள முகமாலையை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு இராணுவத் தளம் வீழ்ந்த பின்னர் கிளாலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே முன்னரங்கு அமைந்தது. சண்டை மூளும் போதெல்லாம் அரங்கு சில நூறு மீற்றர் முன்னே போனது, பின்னே வந்தது. ஒவ்வொரு நகர்விலும் பழைய வரிசைக்கு மேல் புதிய வரிசை. பாகிஸ்தானில் செய்த பி-4, சீனாவில் செய்த டைப் 72, வன்னியிலேயே மரப்பெட்டியில் செய்த ஜொனி, எல்லாம் ஒரே காணிக்குள். இராணுவம், புலிகள் என இரு தரப்பும் புதைத்தன. (இந்த வசனத்தை எடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. எடுக்கவில்லை.) ஒரு தரப்பின் பதிவுகள் பிற்பாடு கிடைத்தன. மற்றத் தரப்பில் புதைத்தவர்கள் பலர் போரோடு போய்விட்டார்கள்.

கிடைத்த பதிவும் என்ன சொன்னது? இந்த வரம்பிலிருந்து இத்தனை அடி, அந்தப் பனையிலிருந்து இத்தனை அடி. வரம்பைப் புல்டோசர் தள்ளிவிட்டது. பனையைச் செல் முறித்துவிட்டது. மாரி வெள்ளம் மணலை அள்ளி வேறிடத்தில் போட்டது. செல் விழுந்த இடத்தில் வெடிக்காமல் தூக்கியெறியப்பட்ட மிதிவெடி எந்தத் தாளில் இருக்கும்? பி-4இல் உலோகம் மிகக் குறைவு. மண்ணிலோ எங்கும் செல் துண்டுகள். டிடெக்டர் எல்லாவற்றுக்கும் கத்தும். கடைசியில் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கையால் வாரிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அப்படி வாருபவர்களில் கணிசமானோர் பெண்கள். குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள்.

எங்கள் போர் ஒழுங்கற்றது, ஐரோப்பியப் படைகள் ஒழுங்கானவை என்று பதில் வரக்கூடும். வேறு சொற்களில் அப்பதில் ஏற்கெனவே எங்கள் காதில் விழுந்தும் விட்டது. போக்லாந்துத் தீவுகளைப் பார்க்கட்டும். 1982இல் சில வாரங்களே நடந்த போர். புதைத்தது முறையான இராணுவம், பதிவுகளும் பெரும்பாலும் இருந்தன, அகற்றும் செலவு பிரித்தானியாவின் பொறுப்பு. அந்தத் தீவுகள் மிதிவெடியற்றவை என அறிவிக்கப்பட்டது 2020 நவம்பரில். 38 ஆண்டுகள்! அங்கும் கடற்கரை மணல் வரைபடத்தை மதிக்கவில்லை. அங்கு போய் மண்ணைக் கிளறியவர்களில் பெரும்பாலோர் சிம்பாப்வேக்காரர்கள் என்பதையும் சொல்லிவைக்கிறோம். புதைப்பவர் ஒருவர், தோண்டுபவர் இன்னொருவர் என்பது இத்தொழிலில் எங்கும் ஒன்றுதான்.

ஆகவே வரைபடம் என்ற வாக்குறுதியை நாம் ஏற்கவில்லை. இதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

பற்றரி தீர்ந்ததும் தானாகச் செயலிழக்கும் மிதிவெடி என்ற வாதமும் உண்டு. 2024 நவம்பரில் உக்ரேனுக்கு மிதிவெடி வழங்க முடிவெடுத்தபோது அமெரிக்கா அதைத்தான் சொன்னது. பற்றரி இறந்ததா இல்லையா என்று தொட்டுப் பார்க்கவேண்டியவர் அமெரிக்கர் அல்லர்.

உக்ரேன் சமவாயத்தை 'இடைநிறுத்த' முயல்வது குறித்து: சமவாயத்தில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. ஆக்கிரமிக்கப்பட்ட நாடொன்றைக் கண்டிப்பது பொருத்தமா என்பதில் ஒருமித்த முடிவு எட்டப்படாததால் இதற்கு மேல் இப்போது எதுவும் கூறவில்லை.

2023இல் மிதிவெடிகளாலும் எஞ்சிய வெடிபொருட்களாலும் கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் குறைந்தது 5,757 பேர் என்கிறது லேண்ட்மைன் மொனிற்றர் அறிக்கை. அவர்களில் 84 வீதமானோர் பொதுமக்கள்.

லித்துவேனியா கொத்தணிக் குண்டுச் சமவாயத்திலிருந்து 2025 மார்ச்சில் வெளியேறிவிட்டது. ஒன்றை விட்டவர் மற்றதையும் விடுவார் என்று அப்போதே எச்சரித்தவர்கள் மிகைப்படுத்தவில்லை.

இலங்கை அரசு 2017 டிசெம்பரில் இச்சமவாயத்தில் இணைந்தது. தனது நிலத்தைத் துப்புரவாக்க அதற்குள்ள கெடு 2028 யூன். 2025 டிசெம்பரில் ஜெனீவாவில் உறுப்பு நாடுகள் கூடும்போது, நிதியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராமல், இவ்விலகல்களுக்கு எதிராகப் பெயர் சொல்லிப் பேச வேண்டும் எனக் கோருகிறோம். மிதிவெடியோ அதன் பாகங்களோ இலங்கைத் துறைமுகங்கள் ஊடாக எந்த நாட்டுக்கும் செல்ல அனுமதிக்கப்படாது என்ற பகிரங்க உறுதிமொழியும் தேவை. வெளிவிவகார அமைச்சுக்கும் ஐந்து நாடுகளின் தூதரகங்களுக்கும் அனுப்பும் கடிதத்தில் கிளைகள் 2025 நவம்பர் முடிவதற்குள் கையொப்பமிட வேண்டும்.

விலகும் நாடொன்று எமது பிரதேசத்தில் மிதிவெடி அகற்ற நிதி தர முன்வந்தால் ஏற்பதா என்ற கேள்வி தீர்க்கப்படவில்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது உலகெங்கும் இப்பணி தடைப்பட்டதைச் சுட்டிக்காட்டி, எந்தப் பணமும் பணமே என்றனர் சிலர். ஒரு கையால் புதைக்கத் தயாராகிவிட்டு மறு கையால் எங்களுக்குக் காசோலை நீட்டுபவரின் பெயர்ப்பலகையை எங்கள் காணியில் நடவிடமாட்டோம் என்றனர் களப் பணியாளர்கள். அடுத்த பொதுக்கூட்டம் முடிவு செய்யும் வரை, அப்படியான நிதியைக் கூட்டமைப்பு கேட்கவும் மாட்டாது, ஏற்கவும் மாட்டாது.

செயற்குழு